பௌதிகவியல் படிக்க எந்த நாட்டுக்குப் போவது?

முல்லைத்தீவு மாவட்டத்தின் முள்ளியவளையில் இருந்து ஒரு தங்கச்சி கேட்ட கேள்வி இது. உயர்தரம் கணிதப் பிரிவு. பௌதிகவியல் ஏ, இணைந்த கணிதம் பி, இரசாயனவியல் சி. பொறியியல் பீடம் கிடைக்காது போலிருக்கிறது. கிடைத்தாலும் மனம் அதில் இல்லை. பௌதிகவியல்தான் படிக்க வேண்டும், அதுவும் வெளிநாட்டில். ரொறன்ரோவில் இருக்கும் சித்தப்பா "கனடாவுக்கு வா" என்கிறார். வவுனியாவில் ஒரு முகவர் பிரித்தானியப் பல்கலைக்கழகம் ஒன்றின் பளபளப்பான புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டு, அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்திருக்கிறார். அம்மா காணி உறுதியை ஈடு வைக்கத் தயார். எந்தப் பல்கலைக்கழகத்தைத் தெரிவு செய்வது?

தங்கச்சி, முதலில் அந்த உறுதியைத் திரும்ப அலுமாரிக்குள் வைக்கச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு கதைக்கலாம்.

நான் மல்லாவிப் பக்கத்தில் பிறந்தவன். மின்சாரம் இல்லாத காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்ட ஊர் எங்களுடையது. மின்காந்தத் தூண்டலைப் புத்தகத்தில் படிக்க முதலே செய்தி நேரத்தில் கையால் சுற்றியிருக்கிறேன். கை சோர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் தேயும், பின்னால் இருந்து அப்பாவின் குரல் உயரும். பிறகு இலங்கையிலேயே முதல் பட்டம், அமெரிக்காவில் கலாநிதிப் பட்டம், இப்போது ஜேர்மனியில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை. நடுவில் விட்ட பிழைகளும் உண்டு, அவற்றையும் சொல்கிறேன்.

பௌதிகவியலில் ஒரு விசேசம் இருக்கிறது. வெளிநாட்டில் முதல் பட்டத்துக்குப் பெரும்பாலும் நீங்கள் காசு கட்ட வேண்டும். அதற்கு மேலே ஆராய்ச்சிக்குப் போனால் அவர்கள் உங்களுக்குக் காசு தருவார்கள். மருத்துவத்திலோ சட்டத்திலோ வணிக முகாமைத்துவத்திலோ இப்படி இல்லை. இது தர்மமும் இல்லை, அவர்களுடைய தேவை. அமெரிக்காவின் பெரிய அரச பல்கலைக்கழகம் ஒன்றை எடுங்கள். பொறியியல் படிக்கிற பிள்ளைகளும் மருத்துவத்துக்குப் போக இருக்கிற பிள்ளைகளும் முதலாம் ஆண்டில் பௌதிகவியல் படித்தே ஆக வேண்டும். அவ்வளவு பேருக்கும் செய்முறை வகுப்பு நடத்த, விடைத்தாள் திருத்த ஆள் வேண்டும். பேராசிரியர்கள் அதைச் செய்ய மாட்டார்கள். கலாநிதிப் பட்ட மாணவர்கள் செய்கிறார்கள். அதற்குக் கூலியாகக் கல்விக் கட்டணம் தள்ளுபடி, மாதாந்தக் கொடுப்பனவு, பெரும்பாலும் மருத்துவக் காப்புறுதியும். இரண்டொரு வருடம் கழிய, பேராசிரியரின் ஆராய்ச்சி நிதியில் இருந்து சம்பளம் வரும். நாலு வருட இளமாணிப் பட்டத்தோடு நேரே போகலாம், முதுமாணி தேவையில்லை. முடிய ஐந்து, ஆறு வருடம் எடுக்கும்.

கனடாவில் பௌதிகவியல் ஆராய்ச்சி முதுமாணிக்கே இப்படிக் கொடுப்பனவு உண்டு. ஜேர்மனியில் கலாநிதிப் படிப்பென்பது ஒரு வேலை. ஒப்பந்தம் எழுதிச் சம்பளம் தருகிறார்கள், வரியும் பிடிக்கிறார்கள்.

இதை உங்கள் முகவர் ஏன் சொல்லவில்லை? சம்பளத்தோடு எடுக்கும் இடம் முகவருக்குத் தரகு கொடுப்பதில்லை. தரகு உங்கள் கல்விக் கட்டணத்தில் இருந்துதான் வருகிறது. அவர் கெட்ட மனிசன் என்று சொல்லவில்லை. அவருடைய கடையில் இருக்கிற சாமானைக் காட்டுகிறார், அவ்வளவுதான்.

ஆகவே "எந்தப் பல்கலைக்கழகம்" என்பதற்கு முதல் கேட்க வேண்டியது "எப்போது போவது" என்பது. முழுப் புலமைப்பரிசில் கிடைத்தால் இப்போதே போங்கள். கிடைக்காவிட்டால் முதல் பட்டத்தை இங்கேயே முடித்துவிட்டு, காசு எதிர்த்திசையில் ஓடத் தொடங்கும் இடத்தில் விமானம் ஏறுங்கள்.

இங்கே என்றால் எங்கே? அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார், வவுனியா நாலுமே அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கின்றன. பொறியியலுக்குப் போதாத இசட் புள்ளி (உயர்தரப் பெறுபேற்றில் இருந்து அனுமதிக்காகக் கணிக்கும் புள்ளி) பௌதிக விஞ்ஞானத்துக்குப் போதுமானதாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அதனால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலை எடுத்து, உங்கள் மாவட்டத்தின் கடந்த ஆண்டுகளின் வெட்டுப்புள்ளியைப் பாருங்கள். வீட்டுக்குக் கிட்ட என்பதை மட்டும் பார்க்காதீர்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ். பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்கள் இருக்கின்றன. ஆனால் விஞ்ஞான பீடம் திருநெல்வேலியில்தான். வவுனியா 2021இல் தனிப் பல்கலைக்கழகமானது. பேராதனையும் கொழும்பும் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: பௌதிகவியலை நாலு வருடச் சிறப்புப் பட்டமாகச் செய்ய முடியுமா, அதற்குத் தெரிவாக முதல் வருடங்களில் என்ன பெறுபேறு வேண்டும்? மூன்று வருடப் பொதுப் பட்டத்தோடு வெளியே வந்தால், அமெரிக்காவில் பல கதவுகள் திறக்காது. நாலாம் வருடத்தில் ஓர் ஆய்வுத் திட்டம் செய்வீர்கள். பின்னர் உங்களுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதப்போகிறவர் அந்தத் திட்டத்தின் மேற்பார்வையாளர்தான். அந்தக் கடிதம் ஐஈஎல்ரிஎஸ் ஆங்கிலப் பரீட்சைப் புள்ளியை விடக் கனமானது.

உள்ளூரில் படித்தால் தரம் குறைவு என்று சித்தப்பா சொல்வார். சொல்லட்டும். வானியற்பௌதிகவியலாளர் சந்திரசேகர் சென்னை மாநிலக் கல்லூரியில் முதல் பட்டம் முடித்துவிட்டுத்தான் 1930இல் கேம்பிரிட்ஜுக்குக் கப்பல் ஏறினார். நட்சத்திரங்களின் நிறைக்கு இருக்கும் எல்லையைப் பற்றி அந்தக் கப்பலிலேயே கணக்குப் போட்டவர்; 1983இல் நோபல் பரிசு. எங்கள் பக்கத்தில் சி. ஜே. எலியேசர் வடக்கில் பிறந்து, கேம்பிரிட்ஜில் பெயர்பெற்ற பௌதிகவியலாளர் டிராக்கிடம் ஆராய்ச்சி செய்து, திரும்பி வந்து இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராக இருந்தார். அடித்தளம் எங்கே போட்டாலும் போடலாம் என்பதற்காக இவர்களைச் சொல்கிறேன். நீங்கள் சந்திரசேகர் ஆக வேண்டும் என்று நான் கேட்கவில்லை, அம்மாவும் கேட்க மாட்டார்.

சரி, இப்போதே முழுப் புலமைப்பரிசிலோடு போக வழிகள் எவை? மிகக் கிட்ட இருப்பது இந்தியா. இந்திய அரசு இலங்கை மாணவர்களுக்கு நேரு நினைவுப் புலமைப்பரிசில், மௌலானா ஆசாத் புலமைப்பரிசில் என்று தருகிறது, முதலாவது இளமாணிக்கு. கல்வி அமைச்சு ஊடாக அறிவித்தல் வரும். மொழி, சாப்பாடு, தூரம் எதுவும் பிரச்சினை இல்லை. சென்னையிலேயே ஐ.ஐ.ரி.யும் கணித அறிவியல் நிறுவனமும் இருப்பதால், அங்கே படிக்கக் கிடைத்தால் நல்ல ஆராய்ச்சிக் கருத்தரங்குகளுக்குப் பேருந்தில் போய் வரலாம். எங்கள் ஆட்கள் இந்தியாவை ஒரு வெளிநாடாகவே கணக்கெடுப்பதில்லை. அது வீண் கௌரவம்.

இரண்டாவது ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் புலமைப்பரிசில். தூதரகம் கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல், ஆங்கிலம் என்று பரீட்சை வைக்கும். தெரிவானால் ஒரு வருடம் ஜப்பானிய மொழி, பிறகு நாலு வருடம் பட்டம், கட்டணமும் செலவும் அவர்களுடையது. இடங்கள் மிகக் குறைவு, ஆனால் எழுதிப் பார்க்கச் செலவு அதிகமில்லை. மூன்றாவது, அமெரிக்காவில் ஹார்வர்ட், எம்.ஐ.ரி., பிரின்ஸ்டன், யேல், அம்ஹெர்ஸ்ட் போன்ற ஒரு சில இடங்கள். வெளிநாட்டு மாணவரின் வீட்டு வருமானத்தைப் பார்க்காமல் அனுமதி தந்து, பிறகு தேவையான முழுப் பணத்தையும் தாங்களே போடுகிறவர்கள். முகவரின் புத்தகத்தில் இருக்கும் பல்கலைக்கழகத்தை விட எம்.ஐ.ரி. உங்களுக்கு மலிவு! உள்ளே போவது சிங்கத்தின் வாய்க்குள் கை வைப்பது மாதிரித்தான், பொய் சொல்லவில்லை.

இனி ஊரில் உலாவும் சில பழைய கதைகள். "நோர்வேயில் படிப்பு இலவசம்" என்பது உண்மையாக இருந்தது. 2023 இலையுதிர் காலத்தில் இருந்து ஐரோப்பாவுக்கு வெளியே உள்ளவர்களுக்குக் கட்டணம் வந்துவிட்டது. சுவீடனில் 2011இலேயே வந்தது. கனடாவில் 2024 ஜனவரியில் மாணவர் அனுமதிகளுக்கு உச்சவரம்பு வைத்தார்கள், கட்டணத்துக்கு மேலதிகமாகக் காட்ட வேண்டிய பணத்தை 10,000 டொலரில் இருந்து 20,635 ஆக உயர்த்தினார்கள், பிறகும் கூட்டினார்கள். சித்தப்பா கனடாவுக்குப் போன காலத்துக் கனடா இப்போது இல்லை. பிரித்தானியாவில் வெளிநாட்டு மாணவருக்குப் பௌதிகவியல் இளமாணி பல இடங்களில் வருடத்துக்கு 25,000 பவுணுக்கு மேல். அதை மூன்றால் பெருக்கி, இலங்கை ரூபாயாக்கி, உங்கள் காணியின் விலையோடு வைத்துப் பாருங்கள்.

ஜேர்மனியைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களுக்கு இரண்டாம் கட்டத்தில் மிகப் பொருத்தமான இடங்களில் இதுவும் ஒன்று. பெரும்பாலான மாநிலங்களில் அரச பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. ஒவ்வொரு அரையாண்டும் ஒரு சிறு தொகை மட்டும், அதில் பல நகரங்களில் பேருந்துச் சீட்டும் அடங்கும். விதிவிலக்குகள் உண்டு: பாடன் வூட்டம்பேர்க் மாநிலத்தில் 2017இல் இருந்து அரையாண்டுக்கு 1,500 யூரோ. ஹைடல்பேர்க் அந்த மாநிலத்தில்தான் இருக்கிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024இல் கட்டணம் கொண்டுவந்தது. இளமாணிப் படிப்பு அநேகமாக ஜேர்மன் மொழியில். முதுமாணியோ பல இடங்களில் ஆங்கிலத்தில். பொன் நகரப் பல்கலைக்கழகத்தின் பௌதிகவியல் முதுமாணி அப்படியானது.

பிரச்சினை தடுப்புக் கணக்கு. விசாவுக்கு முதல் ஒரு வருடச் செலவை ஒரு ஜேர்மன் கணக்கில் போட்டுப் பூட்ட வேண்டும். 2024 செப்டெம்பரில் இருந்து அது 11,904 யூரோ. யூரோவை 350 ரூபாயாக வைத்தால் 41 இலட்சத்துக்கு மேல். பார்த்ததும் தலை சுற்றும். ஆனால் அது கட்டணம் இல்லை, உங்கள் காசு. மாதம் 992 யூரோவாக உங்களுக்கே திரும்பி வரும். ரொறன்ரோச் சித்தப்பா உதவ விரும்பினால் இதுதான் அவருக்கான இடம்: நாலு வருடம் கழித்து இந்தத் தொகையைக் கைமாற்றாகத் தரட்டும். முகவருக்குக் கட்டப்போகும் தொகையோடு பார்த்தால் இது சின்னத் தொகை.

இன்னொரு இடம், ஏனோ எங்கள் பக்கத்தில் அதிகம் தெரியாது. இத்தாலியின் ட்ரியெஸ்ட் நகரில் உள்ள சர்வதேசக் கோட்பாட்டுப் பௌதிகவியல் மையம். 1964இல் பாகிஸ்தானியரான அப்துஸ் சலாம் தொடங்கியது. அவர் கேம்பிரிட்ஜில் படித்து, 1951இல் லாகூருக்குத் திரும்பினார். அங்கே ஆராய்ச்சி பற்றிக் கதைக்க ஒருவரும் இல்லை. புதிய சஞ்சிகைகள் கைக்கு வந்து சேராது. 1954இல் நாட்டை விட்டுப் போக வேண்டியதாயிற்று. வேலையா நாடா என்று தெரிவு செய்ய வேண்டிய நிலை இன்னொருவருக்கு வரக்கூடாது என்றுதான் வளரும் நாட்டுப் பௌதிகவியலாளருக்கென்றே அந்த மையத்தைக் கட்டினார். 1979இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அங்கே ஒரு வருட முதுநிலை டிப்ளோமா இருக்கிறது. தெரிவானவருக்குச் செலவை மையமே பார்க்கிறது. உயர்சக்திப் பௌதிகவியல், திண்மப் பொருட் பௌதிகவியல் என்று துறைகள். உள்ளூர்ப் பட்டத்தோடு போய், ஒரு வருடம் அங்கே கூர் தீட்டிக்கொண்டு, ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ கலாநிதிக்குப் போகிறவர்கள் பலர். எனக்கு அந்த வயதில் இதை ஒருவரும் சொல்லவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் எரஸ்மஸ் முண்டுஸ் கூட்டு முதுமாணிகளும் இப்படித்தான், புலமைப்பரிசிலுக்குத் தெரிவானவருக்கு மாதம் 1,400 யூரோ தருகிறார்கள்.

தரவரிசைக்கு வருவோம். "உலகத்தில் எத்தனையாம் இடம்" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அந்த எண்கள் எப்படி வருகின்றன என்று ஒரு உதாரணம். 2015இல் ஹிக்ஸ் துணிக்கையின் நிறையை அளந்த ஆய்வுக் கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள். 33 பக்கக் கட்டுரையில் ஆய்வு ஒன்பது பக்கம். மிச்சம் முழுக்கப் பெயர்களும் அவர்களின் நிறுவனங்களும். இப்படியான ஒரு கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டினாலும் அது அத்தனை பல்கலைக்கழகங்களின் கணக்கிலும் ஏறும், அங்கே அந்தத் துறையில் இரண்டு பேர்தான் இருந்தாலும்கூட. தரவரிசை போடுகிறவர்கள் சிலர் பிறகு இந்தக் கணக்கைத் திருத்தினார்கள் என்பது வேறு விடயம். ஒரு முழுப் பல்கலைக்கழகத்துக்கான எண் பௌதிகவியல் துறையைப் பற்றிக் கொஞ்சம்தான் சொல்லும். அதற்குள் ஒரு கிளையைப் பற்றி ஒன்றுமே சொல்லாது. திண்மப் பொருட் பௌதிகவியல் என்றால் இலினோய் அர்பானா-ஷம்பெயின். சோளக் காட்டுக்கு நடுவில் இருக்கிற ஊர். பௌதிகவியலில் இரண்டு முறை நோபல் வாங்கிய ஒரே மனிதர் ஜோன் பார்டீன் அங்கேதான் இருந்தார். குளிர்ந்த அணுக்கள் என்றால் கொலராடோவின் போல்டர். 2001இலும் 2005இலும் நோபல் அங்கே போனது. இரண்டையும் உலகத் தரவரிசையின் முதல் பத்தில் தேடினால் கிடைக்காது.

அதனால் பெயரைத் தேடாமல் ஆளைத் தேடுங்கள். ஆர்க்கைவ் என்ற இணையக் களஞ்சியம் 1991இல் இருந்து இருக்கிறது. பௌதிகவியலில் எழுதப்படுவதில் பெரும் பகுதி அங்கே இலவசம். மூன்றாம் வருடத்தில் உங்களுக்கு எந்தக் கிளை பிடிக்கிறது என்று தெரியத் தொடங்கும். அப்போது அந்தக் கிளையின் அண்மைக் கட்டுரைகளைப் பாருங்கள், பாதி விளங்காது, பரவாயில்லை. திரும்பத் திரும்ப வரும் பெயர்கள் எந்த ஊரில் இருக்கின்றன என்று எழுதி வையுங்கள். அப்புறம் அந்தக் குழுவின் பழைய மாணவர்கள் எங்கே போனார்கள், எத்தனை வருடத்தில் முடித்தார்கள் என்று பாருங்கள். இப்போதைய மாணவர் ஒருவருக்கு எழுதிக் கேளுங்கள். பேராசிரியர் நல்லவரா என்பது எந்தத் தரவரிசையிலும் இல்லை. அவரோடு ஐந்து வருடம் இருக்கப்போவது நீங்கள்.

பேராசிரியர்களுக்கு எழுதுவது பற்றி என்னுடைய பிழை. நான் ஒரே கடிதத்தை அறுபது பேருக்கு அனுப்பினேன். "மதிப்பிற்குரிய ஐயா, உங்கள் மேன்மையான ஆய்வுகளால் கவரப்பட்டேன்." ஒரு பதிலும் வரவில்லை. அறுபதில் ஏழெட்டுப் பேர் பெண்கள் என்று பிறகுதான் கவனித்தேன். அடுத்த வருடம் ஐந்து பேருக்கு எழுதினேன். ஒவ்வொருவருடைய கட்டுரை ஒன்றை வாசித்து, மூன்றாவது படத்தில் வளைகோடு ஏன் அப்படி மடிகிறது என்ற மாதிரி ஒரு கேள்வியோடு. மூன்று பேர் பதில் போட்டார்கள். அதில் ஒருவரிடம்தான் படித்தேன்.

ஒரே நாட்டை மட்டும் நம்பியிருக்காதீர்கள். 2025இல் அமெரிக்காவில் ஆராய்ச்சி நிதியை வெட்டியதும் சில துறைகள் புதிய மாணவர்களைக் குறைத்தன. நீங்கள் விண்ணப்பிக்கும் வருடத்தில் காற்று எந்தப் பக்கம் அடிக்குமோ. இரண்டு மூன்று நாடுகளுக்குப் போடுங்கள். விண்ணப்பக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யச் சொல்லி எழுதிக் கேட்கவும் வெட்கப்பட வேண்டாம், பல துறைகள் செய்கின்றன.

இந்த நாலு வருடத்தில் செய்ய வேண்டியவை சில. ஆங்கிலம். நாங்கள் மீடிறன், ஆர்முடுகல், முறிவு என்று தமிழில் படித்தவர்கள். பல்கலைக்கழகத்தில் முதல் கிழமையே எல்லாம் ஆங்கிலத்தில் வந்து இறங்கும். விடயம் தெரிந்த பிள்ளையே சொல் தெரியாமல் பின்வாங்கில் ஒதுங்கி, நான் மொக்கு என்று நினைத்துவிடும். நானும் நினைத்தேன். இப்போதே உங்கள் உயர்தரக் குறிப்புக் கொப்பியில் ஒவ்வொரு சொல்லுக்குப் பக்கத்திலும் ஆங்கிலச் சொல்லை எழுதுங்கள். இரண்டு கிழமை வேலை. கணிதத்தில் தாயங்களும் வகையீட்டுச் சமன்பாடுகளும் கை வந்திருக்க வேண்டும். எம்.ஐ.ரி.யின் திறந்த பாடங்கள் இலவசம். பைதன் நிரலாக்கம் பழகுங்கள். பௌதிகவியலில் வேலை கிடைக்காவிட்டாலும் அது சோறு போடும்.

அடுத்தது பெயர். சிரிக்காதீர்கள். எங்கள் ஆட்களில் பலருக்கு 2009இல் பத்திரங்கள் எல்லாம் போய், பிறகு எடுத்தவை. பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்துக் கூட்டல், அடையாள அட்டையில் இன்னொன்று, பரீட்சைச் சான்றிதழில் முதலெழுத்து மட்டும், கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராக. தூதரகத்தில் இருப்பவருக்கு இது நாலு வேறு ஆட்கள். என்னுடைய பெயரில் ஒரு "எச்" கூடியதால் விசா ஆறு கிழமை இழுபட்டது. கடவுச்சீட்டு எடுக்க முதல் எல்லாவற்றையும் ஒரே எழுத்துக்குக் கொண்டுவாருங்கள். முடியாததற்குச் சத்தியக்கடதாசி முடித்து வையுங்கள். வவுனியாவிலேயே கடவுச்சீட்டு அலுவலகம் இருக்கிறது, கொழும்புக்கு அலையத் தேவையில்லை.

வவுனியாவுக்குப் போகிற அன்றைக்கே அந்த முகவரிடமும் போங்கள், அம்மாவையும் கூட்டிக்கொண்டு. அசல் சான்றிதழ்களைப் பல்கலைக்கழகங்கள் பொதுவாக விண்ணப்பத்துக்குக் கேட்பதில்லை, பிரதி போதும். "யோசித்துச் சொல்கிறோம்" என்று சொல்லி, அசல்களை ஒவ்வொன்றாக எண்ணி வாங்கிக்கொண்டு வாருங்கள்.